ஒரே கடையில் பூட்டிய ஓராண்டு

நண்பன் செல்வத்தைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, அந்த விளையாட்டை வெளியான அன்றே நான் வாங்கினேன். அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

நான் தேதி குறித்து வைக்கிறவன். எந்தக் கணினி விளையாட்டு எந்த இணையக் கடைக்கு என்றைக்கு வந்தது, எந்தக் கடை அதைத் தன்னிடம் மட்டும் பூட்டி வைத்தது, பூட்டு என்றைக்குத் திறந்தது... எல்லாம் ஐந்து நோட்டுப் புத்தகங்களில் இருக்கின்றன. பெடாஸ் ஊருக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் இந்த வேலை செய்கிறவன் நான் ஒருவன்தான். அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

செல்வம் பாரோயில் இருக்கிறான். அப்போது எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினான். சனிக்கிழமை மதியம் என் வீட்டுக்கு வருவான். ஒருவர் விளையாட, மற்றவர் பக்கத்தில் அமர்ந்து வழி சொல்ல வேண்டும். அத்தியாயம் முடிந்தால் இடம் மாறுவோம். ஒரு கோட்டை விளையாட்டின் முதல் பாகத்தை அப்படித்தான் முடித்தோம்.

இரண்டாம் பாகத்தைப் புதிய கடை ஒன்று ஓராண்டுக்குத் தனக்கு மட்டும் என்று வாங்கிக்கொண்டது. எங்கள் பழைய கடைக்கு அதன் பிறகுதான் வரும். அந்தக் கடையில் யாரும் வாங்கக் கூடாது என்று எங்கள் விளையாட்டுக் குழுவில் நீளமாக எழுதினேன். பலர் பாராட்டினார்கள்.

அடுத்த சனிக்கிழமை செல்வம் கேட்டான்.

"மச்சான், வந்ததும் வாங்கிடலாமே. இனிப்புநீரு கண்ணுக்கு ஏறிருச்சாம், பார்வை போயிருமாம். கிளினிக்ல சொல்றாங்க லா."

"ஒரு வருஷம்தானேடா. நாம வாங்கினா அடுத்ததையும் பூட்டுவான்."

"நீ வாங்காட்டி அவன் கடைய மூடிட்டுப் போயிருவானா?" என்று சிரித்தான். பிறகு, "சரி, நானும் உன் கட்சிதான்" என்றான்.

வியாழக்கிழமை விளையாட்டு வெளியானது. மாலையே வேறு பெயரில் கணக்குத் திறந்து வாங்கினேன். ஏன்? ஆசைதான்... வேறு காரணம் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை. குழுவில் அப்படி எழுதியிராவிட்டால் செல்வத்தையும் கூப்பிட்டிருப்பேன்.

தோட்டத்து இணையத்தில் அது இறங்க மூன்று நாள் ஆனது. நடுவில் சனிக்கிழமை செல்வம் வந்தான். கணினி கெட்டுவிட்டது என்றேன். அணைத்த திரைக்குப் பின்னால் அது இறங்கிக்கொண்டிருந்தது. மனம் மாற எனக்கு மூன்று நாள் இருந்தது!

அதன்பின் வாராவாரம் கேட்பான்: "இன்னும் எத்தனை நாளு?" நோட்டைப் பார்த்துச் சொல்வேன். ஒரு நாள்கூடத் தவறாகச் சொன்னதில்லை. அதற்குள் கோட்டையை இரண்டு முறை முடித்திருந்தேன்.

பத்தாவது மாதம் அவனுடைய லோரி வேலை போயிற்று. பதினோராவது மாதம் வலக்கண். பூட்டுத் திறந்தபோது இடக்கண்ணில் வெளிச்சம் மட்டுமே மிச்சம்.

அந்தச் சனிக்கிழமை அவன் மனைவி அவனைக் கொண்டுவந்து விட்டுப் போனாள். பழைய கடையில் மறுபடி வாங்கி வைத்திருந்தேன். வழக்கமான நாற்காலியில் அமர்ந்தான்.

"நீ விளையாடு. என்னென்ன தெரியுதுன்னு சொல்லிக்கிட்டே வா."

சுரங்கத்தில் இடம், இடம், வலம் என்று திரும்பினேன். கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"என்னடா, எங்கயும் நிக்கவே இல்ல? முன்னெல்லாம் முக்குக்கு முக்கு முழிப்பியே."

"சும்மா... அதிர்ஷ்டம்டா."

அவன் முகத்தை என் பக்கம் திருப்பினான். பிறகு, "மேல சொல்லு" என்றான்.

தெரிந்துகொண்டானா? எனக்குத் தெரியாது. கேட்கவும் துணிவில்லை.

அன்றிலிருந்து வேண்டுமென்றே வழி தவறுகிறேன். ஆழம் தெரிந்த குழியில் விழுகிறேன். "வலது பக்கம் போய்ப் பாரு மச்சான்" என்கிறான். அங்கே சுவர்தான் இருக்கிறது. போய் முட்டிக்கொண்டு, "ஆமாடா, இங்க என்னமோ இருக்கு" என்கிறேன். அவன் முகம் மலர்கிறது.

நோட்டில் அந்த வியாழக்கிழமைக்கு எதிரே, நான் வாங்கியதை மட்டும் இன்னும் எழுதவில்லை.

போன வாரம் ஓர் அத்தியாயம் முடிந்தது. முடிவு இசை கேட்டதும், இடம் மாறும் பழக்கத்தில் செல்வம் எழுந்து நின்றான். நானும் எழுந்தேன். கொஞ்ச நேரம் இருவரும் அப்படியே நின்றோம். பிறகு அவன் கையால் தடவி, தன் நாற்காலியிலேயே மறுபடி அமர்ந்தான்.