சோழ நாட்டு மந்திரிக்கு வசனம் எடுத்துக்கொடுத்தவள்

கல்லூரி நாளில், நாடகப் படுதாவுக்குப் பின்னால் நின்று ஒருத்தி வசனம் எடுத்துக்கொடுக்கும் கிசுகிசுப்பு, காற்றில் வாழையிலைகள் உரசுவது போல இருக்கும். தலை நரைத்த பிறகு அதுவே எனக்கு வேலையாகும் என்று நினைக்கவில்லை. தொலைக்காட்சித் தொடரில் நடிப்பவர்கள் வசனத்தைப் படித்துவிட்டு வருவதில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் நின்று நாம் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். மாமியார், மருமகள் சண்டை எழுதியே தேய்ந்துபோனவர்களே, என் பாட்டையும் கேளுங்கள். தமிழ் டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு எழுத வாய்த்தது நகைச்சுவைத் தொடர். சோழர் காலத்துக் குடும்பம் ஒன்று ஏதோ மாயத்தில் இந்தக் காலத்துக்கு வந்து, மன்னார்புரத்தில் வாடகைக்குக் குடியிருக்கிறது.

குளிர்ப் பேழை

மந்திரி முதன்முதலாக ஃபிரிட்ஜைத் திறக்கும் காட்சி. "இப்பேழையுள் மார்கழி குடியிருக்கிறதே!" என்று எழுதியிருந்தேன். ஓர் இரவு முழுக்க யோசித்த வரி. டைரக்டர் செல்வம் படித்தார், மறுபடி படித்தார், முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"டீச்சரம்மா, தமிழ் ரொம்ப நல்லா இருக்கு. கொஞ்சம் கெடுத்துக் கொடுங்க."

டீக்கடை

மந்திரியாக நடித்தவர் கோதண்டம் சார். வாலிபத்திலிருந்தே மேடை நாடகக்காரர். மனைவி போன பிறகு மகள் வசந்தாதான் படப்பிடிப்புக்கு அழைத்துவருவாள். ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில்தான் படப்பிடிப்பு. இடைவேளையில், தலைப்பாகையும் பட்டு அங்கவஸ்திரமுமாக அவர் தெருமுனைக் கடைக்கு டீ குடிக்கப் போனார். கூடவே போனேன். டம்ளரைக் கையில் வாங்கியவர், ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்து, "இது எந்த ஊர்?" என்று கேட்டார். கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன்.

கடைக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார். "கேமரா இல்லாட்டியும் நடிக்கிறாரு பாருங்க! இவருதாங்க ஆர்டிஸ்ட்!"

செல்போன்

செல்போன் மணியடிக்க, மந்திரி பயந்து வாளை உருவ வேண்டும். கோதண்டம் சார் வாளைத் தொடவேயில்லை. போனைக் கையில் எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை என்ன பண்ணணும்?" என்று மெதுவாகக் கேட்டார். நான் எழுதாத வரி. யூனிட்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "இதையே வச்சுக்குங்க! ரீடேக் வேணாம்!" என்று செல்வம் துள்ளினார். தொடரிலேயே ஜனங்களுக்கு மிகவும் பிடித்த காட்சி அதுதான். முந்தின வாரம்வரை அதே போனில் பேத்தியின் படத்தை எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்தவர் அவர்.

வசந்தா என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். "நேத்து வீட்லயும் இப்படித்தான் கேட்டார், டீச்சர். அங்க யாரும் சிரிக்கலை."

சின்ன வரிகள்

செல்வத்திடம் சொல்லிவிடலாமா என்றேன். வசந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஷூட்டிங் இருக்கிறது என்று சொன்னால்தான் அவர் எழுந்து சவரம் செய்துகொள்கிறாராம். இல்லாத நாளில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடக்கிறாராம். அதனால் அவர் வரிகளைக் குறைத்தேன். பத்தி வாக்கியமாயிற்று, வாக்கியம் வார்த்தையாயிற்று. எழுதியதைச் சுருக்கச் சுருக்கக் கைதட்டல் கூடியது. எழுதுகிறவர்களுக்கு இந்த வேதனை புரியும்.

ஒருநாள் "ஆகட்டும்" என்ற ஒரே வார்த்தையை மூன்று தடவை எடுத்துக்கொடுத்தேன். அவர் கேமராவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். எத்தனையோ மாதம் என் குரலைப் பிடித்துக்கொண்டே நடந்த மனிதர். முகத்தில் அவ்வளவு மரியாதை.

"நீங்க யாரும்மா? ரொம்ப நல்லாத் தமிழ் பேசறீங்க."

அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

வழியனுப்பு

மந்திரிக்குக் கடைசிக் காட்சி எழுதச் சொன்னார்கள். மாயக் கதவு திறக்கும், அவர் மட்டும் சோழ நாட்டுக்குத் திரும்பிப் போவார். முதுகைக் காட்டி நடந்தால் போதும், வசனம் வைக்கவில்லை. அதையும் வேறொருவருக்கு அவர் உடையைப் போட்டு எடுத்தார்கள். பேக்கப் சொன்ன பிறகு செல்வம் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"நல்லவேளை டீச்சரம்மா, வேற சீரியலா இருந்தா போட்டோவுக்கு மாலை போட்டிருப்போம். இதுல ஊருக்கு அனுப்பினாப் போதும்."

எங்கள் கதையில் காலம் தவறி வந்த மற்ற எல்லாரும் மன்னார்புரத்தில் சௌக்கியமாகத் தங்கிவிட்டார்கள். கோதண்டம் சார் ஜீயபுரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார், மத்தியான மறு ஒளிபரப்பில் மந்திரியைப் பார்த்துச் சிரிக்கிறார்.