குட்டை நிறைய மீன்கள்

2025 ஆகஸ்ட் 31, ஞாயிறு. ஐந்தரைக்கு எழுந்து, துணி துவைத்து, டைரியைத் திறந்தேன். புஜைரா பக்கம் மூன்று மலை ஓடைகளைக் குறித்து வைத்திருந்தேன். மீன் அதிகம் என்று கேள்விப்பட்டதைத் தேர்ந்தெடுத்தேன்.

ஷார்ஜாவில் மளிகைக்கடை வைத்திருக்கும் கீழக்கரை சாகுல் உடன் வந்தார். ஓடை முழுதும் வெறும் கல். ஒரே ஒரு குட்டையில்தான் தண்ணீர். அதில் விரல் நீள மீன்கள் நெருக்கியடித்துக் கிடந்தன.

"தூண்டில் எதுக்கு அண்ணே? கைலிய விரிச்சாலே போதும்!" என்றார் சாகுல். அரை மணியில் வாளி நிறைந்தது.

பக்கத்துப் பேரீச்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் பாகிஸ்தானியர் வந்து எட்டிப் பார்த்தார்.

"மச்லி ஜியாதா நஹி, பாய். பானி கம்."

மீன் பெருகவில்லை, தண்ணீர்தான் சுருங்கிவிட்டது என்றார். ஓடை முழுதும் திரிந்தவை இங்கே ஒதுங்கியிருந்தன. மழை வந்தால் ஓடையில் மறுபடி பெருக வேண்டியவையும் இவைதானாம்.

சாகுல் வாளியைக் குட்டையில் சாய்த்தார். ஏழு மீன்கள் நீந்தவில்லை. எவ்வளவு மீன் என்று விசாரித்த நான், ஏன் அவ்வளவு என்று யோசிக்கவே இல்லை.

மறுநாள் காலை கண் விழித்ததும் ரூம்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"மீன் இருக்கா அண்ணே? அடுத்த வாரம் நாங்களும் போறோம், எந்த ஓடை?"

"மழை பெய்யட்டும், சொல்றேன்" என்றேன்.