ஹட்டன் பஜாரில் ஒரு பொமரேனியன்

அரிசி வியாபாரிக்கு, விற்ற மூட்டை திரும்பி வந்தால் நஷ்டம் மட்டும்தான். நாய்க்குட்டி விற்கிறவளுக்கு, விற்றது திரும்பி வந்து முகத்தைப் பார்க்கும்.

ஹட்டன் பஜாரில் நானும் என் வீட்டுக்காரரும் கடை வைத்திருக்கிறோம். மீன், லவ் பேர்ட்ஸ், தீனி, கூண்டு, அவ்வப்போது நாய்க்குட்டிகள். கண்டியிலிருந்து குட்டிகளைக் கொண்டுவருவது அவர் வேலை. வாங்க வருகிறவர்களின் வாயைக் கிளறி, குட்டியை அந்த வீட்டுக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று பார்ப்பது என் வேலை. நாய் வாங்கி அவதிப்பட்டவர்கள், விற்று அவதிப்பட்டவர்கள் எல்லாரும் கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள். எங்கள் பிங்கியின் கதையைச் சொல்கிறேன். வெள்ளைப் பொமரேனியன், பெட்டைக்குட்டி. கூடப் பிறந்ததெல்லாம் விலைபோய் இது மட்டும் மிஞ்சியது. இதற்கு நிலையாக ஒரு வீடு அமைந்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம். விற்பது பெரிய காரியமில்லை, போன இடத்தில் அது தங்க வேண்டும், அதுதான் பாடு.

முடியும் அட்டையும்

முதலில் கேட்டு வந்தவர் வட்டகொடையில் சில்லறைக் கடை வைத்திருக்கும் ராமசாமி அண்ணன். "நம்ம ஊரு குளிருக்கு இந்த மாதிரி சடை நாய்தான் தங்கச்சி சரி" என்று அவரே முடிவோடு வந்திருந்தார். நியாயமான பேச்சுத்தானே என்று நானும் கொடுத்துவிட்டேன். வீட்டில் மனைவி எப்போதும் இருக்கிறார், பிள்ளைகள் பெரியவர்கள். இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

வீட்டுக்குப் பின்னால் தேயிலை என்பதை நான் யோசிக்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. மழை விட்டதும் பிங்கி செடிகளுக்குள் புகுந்து ஓடும், திரும்பி வரும்போது சடைக்குள் ரத்தம் குடிக்கிற அட்டை தொங்கும். அவர் மனைவி உப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு தினமும் முடியை விலக்கி விலக்கித் தேடியிருக்கிறார். பொறுத்துப் பார்த்துவிட்டு அண்ணன் ஒரு நாள் அதை சலூனுக்குத் தூக்கிப் போய், தலைக்குப் போடுகிற மிஷினை வைத்து உடம்பு முழுவதும் ஒட்ட வழித்துவிட்டார். மார்கழிக் குளிரில்! திருப்பித் தர என் கடைக்குக் கொண்டுவந்தபோது அது பிள்ளையின் பழைய ஸ்கூல் ஸ்வெட்டருக்குள் கிடந்து நடுங்கியது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு என்னென்னவோ சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் முந்திக்கொண்டார்.

"கோவிச்சுக்காத தங்கச்சி, முடிய எடுத்துட்டுப் பார்த்தா உள்ள நாயே இல்ல."

பிள்ளைக்காம்பரா

முடி வளர்ந்து பிங்கி பழைய அழகுக்கு வந்த பிறகு மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு இளம் ஜோடி வந்தது. அவளுக்குக் கொழுந்து எடுக்கிற வேலை, அவனுக்கு ஃபெக்டரியில். ரெண்டு வயதுப் பையன் ஒருத்தன். "பகல்ல வீட்டுல யாரு?" என்று கேட்டேன். "பக்கத்து வீட்டுல ஆளிருக்குங்க" என்றாள். அந்தப் பொண்ணுக்கு நாயின் மேல் அப்படி ஒரு ஆசை, கூண்டுக்குள் கையை விட்டவள் எடுக்கவே இல்லை. சரியென்று விட்டேன்.

லயத்து வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்க, ஆள் கூப்பிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓட வேண்டும். பொமரேனியன் மனுஷ வாடை இல்லாமல் இருக்காது. பூட்டின கதவுக்குப் பின்னால் அது பொழுதெல்லாம் கத்தும். லயத்தில் வீட்டோடு வீடு ஒட்டியிருக்கும், ஒரு சுவர்தான் நடுவில். பக்கத்து வீட்டு ஆள் ராக் காவலுக்குப் போகிறவர், பகலில்தான் தூங்க வேண்டும். அவர் போய்த் தோட்டத்துச் சங்கத் தலைவரிடம் சொல்ல, தலைவர் வந்து சத்தம் போட, அந்தப் பொண்ணு என்ன செய்தாள் தெரியுமா? பையனை விடப் போகும்போது நாயையும் பிள்ளைக்காம்பராவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள தோட்டத்தில் இருக்கிற இடம் அது. அங்கே பத்துக் குழந்தைகள் பத்துப் பக்கமும் வாலைப் பிடித்து இழுத்தால் எந்த நாய்தான் சும்மா இருக்கும்? ஒரு குழந்தையின் விரலில் பல் பட்டுவிட்டது. பெரிய காயமில்லை. ஆனால் நாயை அன்றைக்கே தோட்டத்தை விட்டுக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள்.

அழுது அழுது அவள் கண் வீங்கியிருந்தது. தப்பு யார் மேலும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிங்கியை என் மடியில் வைத்துவிட்டுக் கேட்டாள்:

"ரெண்டு பேரும் வேலைக்குப் போனாத்தாங்க்கா அடுப்பு எரியும், புள்ளைக்கு ஒரு காம்பரா இருக்கு, நாய்க்கு நான் எங்க போவேன்?"

சுவரைப் பார்த்து

அதற்குப் பிறகு பிங்கி மாறிப்போனது. ஆள் வந்தால் வாலாட்டுவதில்லை. கூண்டில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளும். நுவரெலியாவிலிருந்து வந்த ஒரு சிங்கள நோனா "லஸ்ஸனாய்", அழகாயிருக்கு என்று கையை நீட்டினார், உறுமிவிட்டது. என் வீட்டுக்காரர் அதிகம் பேசுகிற மனுஷனில்லை. அன்றைக்குக் கடையைச் சாத்தும்போது சொன்னார்:

"இன்னொரு வீட்டுலருந்து திரும்பி வந்துச்சுன்னா, இது அப்புறம் யாருக்கும் நாயா இருக்காது."

போனுக்குள் இருந்த அம்மா

பொகவந்தலாவையிலிருந்து வந்த செல்வத்துக்கு ஒரு கால் விந்தல். கொழுந்து லொறியிலிருந்து விழுந்த பிறகு தோட்ட வேலைக்குப் போக முடியவில்லை. மனைவி மகேஸ்வரி குவைத்தில் வீட்டு வேலை. மகள் கீர்த்தனாவுக்குத் தங்க மீன் வாங்கத்தான் கடைக்குள் வந்தார்கள். அந்தப் பிள்ளை மீன் தொட்டியை ஏறிட்டும் பார்க்காமல் பிங்கியின் கூண்டுக்குப் பக்கத்தில் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. கூப்பிடவில்லை, தொடவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் பிங்கி திரும்பிப் படுத்தது. வீட்டில் எப்போதும் அப்பா இருக்கிறார், வால் இழுக்கிற வயதில் குழந்தை இல்லை. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது, மீனுக்குப் பதில் பிங்கியையே கொடுத்தனுப்பினேன்.

உண்மையிலேயே அங்கே பிங்கி நன்றாகத்தான் இருந்தது. செல்வம் தீனி வாங்க வரும்போதெல்லாம் சொல்வார். ராத்திரி மகேஸ்வரி வீடியோ கால் எடுத்தால் கீர்த்தனாவுக்கு முன்னால் இதுதான் ஓடிப்போய் போன் முன்னால் உட்காருமாம். குரலைக் கேட்டதும் வாலை ஆட்டி, போனை நக்கி எச்சிலாக்குமாம்.

பிள்ளை நடை பழகுகிற காலத்தில் குவைத்துக்குப் போன மகேஸ்வரி, ஒப்பந்தத்தை நீட்டி நீட்டி அங்கேயே இருந்துவிட்டு, போன வருஷம் ஒரேயடியாகத் திரும்பி வந்தாள். வந்த சில நாளிலேயே என் கடைக்கு வந்து நின்றாள். நான் அவளைப் பார்த்ததே இல்லை, பேரைச் சொன்னதும்தான் ஆள் தெரிந்தது. நாயைத் திருப்பித் தரத்தான் வந்திருக்கிறாள் என்று முகத்தை இறுக்கிக்கொண்டேன். அவள் அதற்கு வரவில்லை. "நான் வீட்டுக்குள்ள கால வச்சா கொரைக்குதுங்க்கா. புள்ள பக்கத்துல படுக்க விட மாட்டேங்குது. வெளிய பைப்படியில நின்னு அவருக்குப் போன் எடுத்தா மட்டும் உள்ள வாலாட்டுதாம்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இந்த ஜாதி நாய் ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டால் அடுத்த ஆளைச் சேர்க்க நாளாகும் என்று அவளுக்கு விளக்கினேன். "சாப்பாட்ட நீயே போடு. கிட்டப் போய்க் கொஞ்சாத, கண்ணப் பார்க்காத. அது இருக்கிற இடத்துல நீயும் சும்மா உட்காரு. அதுவா வரும்" என்று அனுப்பினேன்.

தைப்பொங்கல் முடிந்து மறுபடி வந்தாள். பிங்கியை இடுப்பில் வைத்திருந்தாள்! அது அவள் சேலைத் தலைப்பைக் கவ்விக்கொண்டு நிம்மதியாக இருந்தது. எனக்குப் பிடிபடாத சந்தோஷம். கடைசியில் இந்தக் குட்டிக்கு ஒரு வீடு நிலைத்துவிட்டது என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மகேஸ்வரி ஒரு பாக்கெட் தீனி எடுத்துக்கொண்டாள். போகாமல் நின்றாள்.

"மக எப்படி இருக்கா?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்காங்க்கா. அப்பாகிட்டதான் எல்லாம் பேசுவா. என்கிட்ட ஏதாச்சும் சொல்லணும்னா, அம்மா நீங்க வெளிய போய்ப் போன் எடுங்கங்குறா. நானும் போய் எடுக்குறேன். அதுல நல்லாப் பேசுறா." பிங்கியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். இப்போது அவள் சிரிக்கவில்லை.

"நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன், நாய் பழகிருச்சு. புள்ளைக்கு என்னங்க்கா செய்யணும்?"

பொமரேனியன் குடும்பத்துக்கு ஒத்துவருமா என்று கேட்கிறவர்களிடம் இப்போதெல்லாம், குடும்பம் வீட்டில் இருந்தால் நாய் கட்டாயம் ஒத்துவரும் என்று மட்டும் சொல்லிவிட்டு மீன் தொட்டி கழுவப் போய்விடுகிறேன்.