தேறிய பிறகு பேசலாம் என்றேன்

வேடியப்பன் இறந்த செய்தி வந்தபோது நான் பொம்மிடி ரயில் நிலையத்தில் சேலம் வண்டிக்காகக் காத்திருந்தேன். காலை ஏழு மணி இருக்கும். அவருடைய மகள் செல்வி கைபேசியில் அழைத்தாள். "அப்பா போயிட்டாருங்க பாய்" என்றாள். குரலில் அழுகை இல்லை. மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்த களைப்பு மட்டும் இருந்தது. "எப்பம்மா?" என்று கேட்டேன். "விடியக்காலம். தூக்கத்துலேயே போயிட்டாரு." அத்தனை காலம் பழகிய ஒருவரை இழந்த துக்கம்தான் எனக்கு முதலில் வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் சொல்ல வந்ததை எழுதிக்கொள்ளாமல் விட்டுவிட்டேனே என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. வண்டி வந்து நின்றது. நான் ஏறவில்லை. வெளியே வந்து ஊருக்குப் பஸ் பிடித்தேன்.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் ஊர் கடத்தூருக்குப் பக்கம்; பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். அங்கே இன்றைக்கும் அவரைத் 'தலைவர்' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பெயரைக் கேட்டாலே எழுந்து போகிறவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறேன். பஸ் நிலையத்துக்கு எதிரே சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். ஒரு நாளிதழுக்குப் பகுதி நேரச் செய்தியாளனாகவும் இருக்கிறேன். வேடியப்பன் எங்கள் பேரூராட்சியின் தலைவராக இருந்தவர்.

கொரோனா காலத்தில் என் அம்மா இறந்தார். தம்பி பெங்களூரில் மாட்டிக்கொண்டான். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அன்றைய பயம் அப்படி. ஜமாத்திலிருந்து இரண்டு பேர் வருவதாகச் சொன்னார்கள், அவர்களும் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். மதியம் ஒரு மணிக்கு வேடியப்பன் பைக்கில் வந்து இறங்கினார். பிளாஸ்டிக் அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தவர், "நீங்க ஒருத்தரா எப்படிங்க பாய் தூக்குவீங்க? நான் ஒரு பக்கம் புடிச்சுக்கறேன்" என்றார். கபர்ஸ்தானில் குழிக்குள் இறங்கி நின்று அம்மாவை என்னோடு சேர்ந்து இறக்கினார். நான் தொழுது முடிக்கும்வரை வெயிலில் தள்ளி நின்றார். போகும்போது, "இத பேப்பர்ல போட்டுறாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

குழாய்த் தண்ணீர் கதையும் பலருக்குத் தெரியும். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் பல்லில் கறை ஏற்றும். வயதானால் முழங்காலை மடக்க விடாது. காவிரித் தண்ணீர் வந்தபோது, மெயின் ரோட்டுக் கடைக்காரர்கள் எவ்வளவோ சொல்லியும், ஊரின் கடைக்கோடியில் துப்புரவுத் தொழிலாளர்கள் குடியிருக்கும் தெருவுக்குத்தான் முதலில் குழாய் போட்டார். "கடைசி வூட்டுல கொடம் நெறைஞ்சா நடுவுல இருக்கறவங்களுக்குத் தானா வரும்" என்பார். அந்தத் தெருவில்தான் கோவிந்தன் இருந்தார்.

கோவிந்தன் பேரூராட்சியில் ஒப்பந்தத் தொழிலாளி. மாரியம்மன் திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பஸ் நிலையக் கழிப்பறையின் தொட்டி நிரம்பி வழிந்தது. உறிஞ்சும் லாரி பழுதாகிக் கிடந்தது. கோவிந்தன் தொட்டிக்குள் இறங்கினார். விஷவாயு தாக்கி, மேலே வரவில்லை. அன்று சாயங்காலம் நான் வேடியப்பனிடம் பேசினேன். "யாரும் எறங்கச் சொல்லலீங்க பாய். குடிச்சிட்டு வந்திருக்கான், மூடி தொறந்திருந்துச்சு, தவறி வுழுந்துட்டான்" என்றார். நான் அப்படியே எழுதி அனுப்பினேன். 'மது போதையில் தவறி விழுந்து தொழிலாளி பலி.' கோவிந்தனின் வீடு என் அச்சகத்திலிருந்து பத்து நிமிட நடை. போய்க் கேட்கவில்லை. என் அம்மாவுக்காகக் குழியில் இறங்கியவர் பொய் சொல்வார் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

காரியம் முடிந்த மறுநாள் கோவிந்தனின் மனைவி காவேரி அச்சகத்துக்கு வந்தார். கையில் அந்தச் செய்தி வந்த பேப்பர். "இத நீங்கதான் எழுதினீங்களாங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எங்கூட்டுக்காரரு குடிச்சு எட்டு வருசம் ஆவுதுங்க. மஞ்சக்காமால வந்து பொழைச்சதுலேர்ந்து தொட்டதில்ல. எங்க தெருவுல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. நீங்க யாரக் கேட்டீங்க?" அதற்குப் பிறகுதான் அந்தத் தெருவுக்குப் போனேன். கூட வேலை செய்தவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். தலைவர் போன் செய்தாராம். இறங்கச் சொன்னாராம்.

அதையும் எழுதினேன். ஊர் கொதித்தது. மறியல் நடந்தது, வழக்குப் பதிவானது. அவர் பதவி போயிற்று, கட்சியும் கைவிட்டது. அவர் பெயர் இருந்த சுவரெழுத்துகள் மேல் சாணி அடித்தார்கள். அவர் மட்டும் கடைசிவரை மறுத்தார். போலீசிலும் கோர்ட்டிலும் 'நான் சொல்லவில்லை, அவன் குடித்திருந்தான்' என்பதே அவர் பேச்சு. என்னைப் பார்த்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவார். ஒருமுறை மட்டும் அச்சகத்து வாசலில் நின்று, "உங்களுக்கு நான் என்ன பாய் கெடுதல் பண்ணேன்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வருடம் அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டுவிட்டன. வாரம் மூன்று நாள் தருமபுரிக்குப் போய் ரத்தம் சுத்திகரிக்க வேண்டியிருந்தது. நல்ல உயரமான மனிதர், தோள் குறுகி, முகம் கறுத்து, சட்டை தொங்க நடந்தார். கோர்ட்டுக்குச் சக்கர நாற்காலியில் வந்தார். வாய்தா மேல் வாய்தா வாங்கினார்கள். சாணி அடித்தவர்களே டீக்கடையில் "பாவம்பா, இதுக்கு மேல அவர என்ன பண்றது?" என்றார்கள். "ஆண்டவனே குடுத்துட்டான், கோர்ட்டு எதுக்கு?" என்றும் சிலர் சொன்னார்கள். இரண்டும் எதிரெதிர்ப் பேச்சுப்போலத் தோன்றும். யோசித்தால் ஒன்றுதான். வியாதி வந்துவிட்டது, இனி யாரும் எதையும் கேட்க வேண்டாம் என்பதுதான் இரண்டுக்கும் பொருள். நானும் அந்தப் பேச்சில் தலையாட்டினேன்.

தலையாட்டியதோடு நிற்கவில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், மளிகைக் கடைக்காரர் ஒருவர், நான், மூன்று பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காவேரியின் வீட்டுக்குப் போனோம். வழக்கில் பிடிவாதம் வேண்டாம் என்று சொல்லத்தான். காவேரி எங்களை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். தலைமையாசிரியர் சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தார். "அவரு ஒடம்பு இருக்கற நெலமையில நீ கொஞ்சம் மனசு வைக்கணும்மா. பாவமில்லையா?"

"பாவமாத்தாங்க இருக்குது" என்றார் காவேரி. "நான் அந்த ஆஸ்பத்திரியிலதான் கூட்டற வேல பாக்கறேன். அவரு வர்ற வார்டும் எனக்குத்தான். ஊசி குத்தறப்ப அவரு கண்ண மூடிக்கறத பாத்திருக்கறேன். போன வாரம் வீல்சேர் தள்ள ஆளில்லாம நின்னாரு. நான்தான் தள்ளிக்கிட்டுப் போனேன்."

"பாத்தியா, உனக்கே மனசு எரங்குது" என்றார் மளிகைக் கடைக்காரர்.

"எரங்குதுங்க. அதுக்கும் இதுக்கும் என்ன? அவருக்கு ஒடம்பு சரியில்லேன்னா எங்கூட்டுக்காரரு குடிச்சிருந்ததா ஆயிடுமா?"

காவேரி தொடர்ந்தார். "தள்ளிக்கிட்டுப் போனனே, நான் யாருன்னு அவருக்குத் தெரியலீங்க. ஒரு நாளு இந்த வூட்டுக்கு வந்திருந்தாத்தான மூஞ்சி தெரியும்?" வெளியே வந்ததும் தலைமையாசிரியர் "புடிவாதக்காரி" என்று முணுமுணுத்தார். நான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்கு ஒரு மாதம் கழித்து வேடியப்பனிடமிருந்து அழைப்பு வந்தது. வரச் சொன்னார். நோட்டும் பேனாவும் எடுத்து வரச் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்குப் பின் போனேன். கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தார். இடது கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு புடைத்திருந்தது. நலம் விசாரிக்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணு என்ன வண்டியில தள்ளிக்கிட்டுப் போவுது பாய். ரெண்டு மூணு தடவ. முந்தாநாளு கேட்டேன், எந்த ஊரும்மான்னு. நம்ம ஊருன்னுச்சு. யாரு வூடுன்னேன். கோவிந்தன் வூடுன்னுச்சு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "சொல்லிட்டு வண்டிய நிறுத்தல பாய். கட்டில் வரைக்கும் கொண்டாந்து வுட்டு, போர்வைய இழுத்துப் போட்டுட்டுத்தான் போச்சு."

பிறகு, ஒப்பிக்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "கோவிந்தன் குடிக்கல. லாரி வந்துரட்டும் தலைவரேன்னு அவன் சொன்னான். நான்தான், திருவிழாவுக்கு ஜனம் வருது, அரை மணி நேர வேலடா, எறங்குன்னு சொன்னேன். குடிச்சிருந்தான்னு போலீசுலயும் உங்ககிட்டயும் சொன்னதும் நான்தான். எழுதிக்குங்க. கையெழுத்துப் போடறேன். வக்கீலக் கேக்க வேணாம்."

பேனாவைத் திறந்து வைத்திருந்தேன். அவருக்கு மூச்சு இரைத்தது, நெற்றி வியர்த்தது. கதவோரம் நின்ற செல்வி, வேண்டாம் என்று எனக்குச் சைகை காட்டினாள். நான் பேனாவை மூடினேன். "இப்ப எதுக்கு தலைவரே? ஒடம்பு கொஞ்சம் தேறட்டும். அடுத்த வாரம் வர்றேன், நிதானமாப் பேசிக்கலாம்" என்றேன்.

என்னை உற்றுப் பார்த்தார். "ஊரே என்ன நோயாளியாத்தான் பாக்குது. நீங்களுமா பாய்?" என்றார். சிரித்தார் என்று நினைக்கிறேன். அந்தச் சிரிப்பை இரக்கத்தோடுதான் பார்த்தேன். அவர் கையைத் தடவிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அது முழுக்க இரக்கம்தானா என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். 'உங்ககிட்டயும்' என்று அவர் சொன்னார் அல்லவா? அவர் வாக்குமூலத்தில் நானும் இருந்தேன். விசாரிக்காமல் எழுதிய என் முதல் செய்தி திரும்பவும் வெளிச்சத்துக்கு வரும். அந்தக் கூச்சமும் என் பேனாவை மூடியிருக்கலாம். அடுத்த வாரம் பத்திரிகை வேலை, அச்சக வேலை என்று தள்ளிப் போட்டேன். பத்து நாள்கூட ஆகவில்லை, செல்வியின் அழைப்பு வந்துவிட்டது.

அடக்கத்துக்கு நல்ல கூட்டம். கைவிட்ட கட்சிக்காரர்களும் மாலையோடு வந்தார்கள். மைக் பிடித்தவர்கள் நோயோடு போராடிய மாவீரர் என்றார்கள். கோவிந்தன் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. என்னையும் பேசச் சொன்னார்கள். என் அம்மாவைத் தூக்கியதைச் சொன்னேன். நான் சொன்னதில் பொய் இல்லை. அதோடு நிறுத்திக்கொண்டதுதான் தப்பு.

மூன்றாம் நாள் தருமபுரிக்குப் போய், வேலை முடிந்து வரும் காவேரிக்காக மருத்துவமனை வாசலில் காத்திருந்தேன். வேடியப்பன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். காவேரி குறுக்கே கேட்டார்.

"'குடிக்கல'ன்னே சொன்னாருங்களா? இல்ல, 'தெரியல'ன்னு சொன்னாரா?"

"குடிக்கலன்னே சொன்னாரும்மா."

"எழுதிக்கிட்டீங்களா?"

"இல்ல."

"கையெழுத்து?"

"இல்லம்மா. ஒடம்பு தேறட்டும்னு சொல்லிட்டேன்."

காவேரி சுற்றுச்சுவர் ஓரம் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "நான் அந்த வார்டுலயேதான இருந்தேன். என்னக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். வேடியப்பனைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு எழுந்து, "எம்பொண்ணுகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க. நான் சொன்னா, அம்மா எப்பவும் சொல்றதுதானன்னு நெனைச்சுக்கும்" என்றார்.

அன்றே போனேன். பிளஸ் டூ படிக்கிற பெண். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள். கடைசியில் ஒன்றுதான் கேட்டாள். "லாரி வரட்டும்னு எங்கப்பா சொன்னாருங்களா?" சொன்னார் என்றேன். அவள் அம்மாவின் பக்கம் திரும்பி, "அப்பா சொல்லியிருக்காரும்மா" என்றாள். இருவரும் அழுதார்கள். நான் அங்கே உட்கார்ந்திருக்க முடியாமல் எழுந்து வந்தேன்.

அவரோடு அவர்மீதான வழக்கு முடிந்துவிட்டது. கோவிந்தனை வேலைக்கு வைத்த ஒப்பந்தக்காரர்மீது இன்னும் நடக்கிறது. அதில் என் வாக்குமூலத்தைக் கொடுத்திருக்கிறேன். கையெழுத்தில்லாத, இறந்துபோன ஒருவரின் பேச்சு எந்த அளவுக்கு நிற்கும் என்று வக்கீலுக்கே சந்தேகம். அதனால் இங்கே பத்திரிகையிலும் பதிவு செய்கிறேன்: கோவிந்தன் குடித்திருக்கவில்லை. நான் எழுதிய செய்தி பொய்.

வேடியப்பனை நான் வெறுக்கவில்லை. அவர் கட்டிலையும் புடைத்த கையையும் நினைத்தால் இன்றும் பாவமாகத்தான் இருக்கிறது. அந்த இரக்கத்தை விட்டுவிடவும் போவதில்லை. ஆனால் நல்ல உடம்போடு இருந்தபோது பொய் சொன்னவர், உடம்பு போன பிறகு தான் செய்ததற்குப் பதில் சொல்ல விரும்பினார். அதை மட்டும் நான் அவரைச் செய்யவிடவில்லை. அந்த மதியம் அவர் சொன்ன வாக்கியங்களை மனப்பாடமாக வைத்திருக்கிறேன். மறந்துவிடக் கூடாது என்று தினமும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.