டயருக்கு வைத்த சந்தனம்

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணம், நான்கு பழைய டயர்கள்.

உங்களுக்குத்தான் தெரியுமே, நான் கார் ஓட்டுகிறவன். பட்டுப்புடவை எடுக்க வரும் கல்யாண வீட்டுக்காரர்களைக் கடை கடையாக ஏற்றி இறக்குவது என் வேலை. காருக்குப் புது வீல் மாட்டினேன். கழற்றிய நான்கையும் டயரோடு ஆன்லைனில் விற்றுவிடலாம் என்றாள் என் மகள் காவ்யா. ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போட்டோ எடுத்தது, விளம்பரம் போட்டது எல்லாம் அவள்தான்.

வெள்ளிக்கிழமை முதலில் அழுக்கோடு எடுத்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. கழுவித் துடைத்தேன். இத்தனை நாள் நம்மைச் சுமந்த பொருள் வீட்டைவிட்டுப் போகிறது... சும்மா அனுப்பலாமா? என் மனைவி செல்வி சந்தனம் குழைத்துக் கொடுத்தாள். ஆயுத பூஜைக்கு வண்டிக்கு வைப்போமே, அதே மாதிரி ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். காவ்யா மறுபடி போட்டோ எடுத்தாள். விளம்பரத்தில் அதைத்தான் போட்டோம்.

ஞாயிறு காலை ஐயம்பேட்டையிலிருந்து டேனியல் என்பவர் வந்தார். டயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தார். திருப்தி. தன் காரில் ஏற்றிக்கொண்டார்.

"இன்னிக்கே மாட்டிடுவேன் சார். நாலு மணிக்கு அம்மாவைக் கூட்டிக்கினு வேளாங்கண்ணி கெளம்பறேன்" என்றார். சந்தோஷமாக அனுப்பி வைத்தேன்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். காவ்யா போனில் பழைய படங்களை அழித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இது இன்னா கோடு?"

முதலில் எடுத்த அழுக்குப் படம். பெரிதாக்கிக் காட்டினாள். ஒரு டயரின் பக்கவாட்டில், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு வெட்டு. இரண்டாவது படத்தில் அதே இடத்தில்... சந்தனம்.

டயரில் பக்கவாட்டுதான் மெலிசான இடம். அங்கே வெட்டுப்பட்ட டயர் வேகத்தில், வெயில் சூட்டில் என்ன ஆகும் என்று இருபது வருடம் வண்டி ஓட்டியவனுக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? கழுவியவன் நான். சந்தனம் அப்பியவனும் நான். கண் எங்கே போயிருந்தது?

உடனே போன் போட்டேன். அங்கேயும் ஒரு தப்பு செய்தேன். 'டயரில் வெட்டு இருக்கிறது' என்று நேராகச் சொல்ல வாய் வரவில்லை.

"டேனியல் சார், அந்த டயரை நான் இன்னொரு தடவை பாக்கணும். இன்னிக்கு ஓட்டாம வெச்சிருங்களேன்..."

"இன்னா சார், வேற பார்ட்டி ஜாஸ்தி தர்றேன்னானா?"

"அதெல்லாம் இல்லப்பா..."

"மாட்டியாச்சு சார். குடுத்த பொருளைத் திருப்பிக் கேக்கறது நல்லா இல்ல."

வைத்துவிட்டார். அப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. காவ்யா அந்தப் படத்தை அனுப்பினாள். ஒற்றை டிக்கோடு நின்றது.

"இன்னும் இன்னாத்துக்கு உக்காந்துக்கினு இருக்கற? கெளம்புயா" என்றாள் செல்வி.

பைக்கை எடுத்தேன். மணி இரண்டே முக்கால். சர்ச் பக்கத்துச் சந்து என்று காலையில் பேச்சுவாக்கில் சொன்னது மட்டும்தான் அடையாளம். நாலு மணி என்றவர் மூன்றுக்கே கிளம்பிவிட்டால்? ஆள் ஏற்ற ஒவ்வொரு ஷேர் ஆட்டோவும் எனக்கு முன்னால்தான் வந்து நிற்க வேண்டுமா?

சந்தில் கார் நின்றது. டிக்கியில் பைகள். அவர் அம்மா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேவிட்டார்.

"வீடு வரைக்கும் வந்துட்டீங்களா சார்..." டேனியல் முகம் இறுகியது.

நான் டயர் பக்கம் குனிந்தேன். பின்னால் இரண்டிலும் சந்தனம் உதிர்ந்திருந்தது; வெட்டு இல்லை. முன்னால் வலது பக்கமும் அப்படித்தான். நாலாவது, அவர் அம்மா உட்கார்ந்திருந்த பக்கம். நான் வைத்த சந்தனம் அப்படியே இருந்தது.

"மாட்டும்போது இதைத் துடைக்கலியா?"

"உங்க சாமிக்கு வெச்சது சார். நான் எப்படித் துடைக்கறது?"

கைக்குட்டையால் துடைத்தேன். டேனியல் கட்டைவிரலால் அழுத்தினார். வெட்டு வாய் திறந்தது. உள்ளே நூல் தெரிந்தது.

"இன்னாடா, கெளம்பலியா?" என்றார் அம்மா, கண்ணாடியை இறக்கி.

"எறங்கும்மா. டயர் மாத்திக்கினு போலாம்."

ஸ்டெப்னியை மாட்டினோம். அந்த டயருக்கான பணத்தைக் கொடுத்தேன். மன்னிப்பும் கேட்டேன். நட்டை முறுக்கிக்கொண்டே டேனியல் சொன்னார்: "நீங்க வராம இருந்திருந்தா உங்க மேல எனக்குக் கோவமே வந்திருக்காது சார். ரோட்ல இன்னா ஆகியிருந்தாலும், ஆண்டவர் சித்தம்னுதான் நெனச்சிருப்பேன்."

பிள்ளைகளே, நீங்களும் ஒருநாள் பழைய சைக்கிளோ கிரிக்கெட் மட்டையோ விற்பீர்கள். நல்ல படத்தோடு அழுக்குப் படத்தையும் சேர்த்துப் போடுங்கள். வாங்குகிறவர் மரியாதைக்காகக் கை வைக்காத இடத்தை, விற்கிறவர்தான் துடைத்துக் காட்ட வேண்டும்.

மறுநாள், மாதா கோயில் வாசலில் அம்மாவோடு நிற்கிற படத்தை டேனியல் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு கும்பிடு.

மனிதர் இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்... நானும் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.