ஹாலினனுக்கு இடது கை

மார்ஷ்பர்க்கில் திங்கட்கிழமை காலையில் யாரும் யாரோடும் ஒத்துப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு மறுநாள் அது. ஒத்துப்போவதென்றால் காப்பி எதற்கு, கடை எதற்கு? ஆற்றோரம் டீனாவின் கடையில், ஜன்னல் மேசையில், விக் சொபோட்டாவும் ஆர்வில் கிரேடியும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரே சண்டையைப் போட்டுவந்தார்கள். குவார்ட்டர்பேக் என்றால் ஹாலினனா, டோலிவரா?

அமெரிக்காவில் பெயர்தான் கால்பந்து, பந்து இருப்பதெல்லாம் கையில்தான். அதிலும் முக்கால்வாசி குவார்ட்டர்பேக்கின் கையில். யாருக்கு வீசுவதென்று அவன் பார்த்துக்கொண்டு நிற்க, எதிரணித் தடியர்கள் அவனைச் சாய்க்க ஓடிவருவார்கள். ஹாலினன் நகரமாட்டான். தன் ஆளுக்கு வழி கிடைக்கும்வரை நின்று, அடியை வாங்கிக்கொண்டே வீசுவான். பதினாறு வருடம் ஆடினான், மூன்று கோப்பை. டோலிவர் நிற்கவே மாட்டான். ஓடுவான், வளைவான், ஓடுகிற ஓட்டத்திலேயே குறுக்கே வீசுவான். ஏழே வருடத்தில் முழங்கால் போய்விட்டது, கோப்பை ஒன்றுமில்லை. ஆனால் அவன் ஆடியதைப் பார்த்தவர்கள் அதைச் சொல்லும்போது இன்றும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்கள்.

விக் ஹாலினன் கட்சி. கட்சி மட்டுமல்ல, பள்ளி அணியில் அவரே குவார்ட்டர்பேக். ஹாலினனைப் போலவே அசையாமல் நின்றவர். அவருடைய முதுகுப் பக்கம் காவல் நின்றது ஆர்வில். தலையில் அடிபட்டுக் கண் இருட்டினால் அந்த ஊரில் 'மணி அடித்துவிட்டது' என்று சிரிப்பார்கள். பயிற்சியாளர் காரமான மருந்துப் புட்டியை மூக்கருகே காட்டுவார், எத்தனை விரல் என்று கேட்பார், என்ன சொன்னாலும் சரியென்று மறுபடி உள்ளே அனுப்புவார். விக்குக்கு மணி எத்தனை முறை அடித்ததென்று அவருக்கே தெரியாது. அதை அவர் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு இரும்பாலையில் கிரேன் ஓட்டினார். ஆலை மூடியதும் பள்ளிப் பேருந்து ஓட்டினார். லொரெய்னைக் கட்டிக்கொண்டு, இரண்டு பெண்களை வளர்த்து, கடைசியில் லொரெய்னை அடக்கமும் செய்தார். எல்லாவற்றுக்கும் ஆர்வில் கூட நின்றார். மூத்தவள் கல்யாணத்தில் வரிசையில் வந்து கைகுலுக்கும்போதுகூட, "பொண்ணு லட்சணமா இருக்கா. ஆனா டோலிவர்தான்," என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிடப் போனார்.

ஆர்வில் வழக்கமாக ஒன்று சொல்வார். "ஓடறவனுக்கு முட்டிதான்டா போவும். நிக்கிறவனுக்கு மண்டையே போயிரும்." ஒருநாள் செய்தி வந்தது: ஹாலினனுக்குத் தன் மனைவியையே அடையாளம் தெரியவில்லையாம். அந்தத் திங்கட்கிழமை, ஆர்வில் குத்திக்காட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் விக் கடைக்குப் போனார். ஆர்வில் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அதற்குப் பிறகும் எடுக்கவில்லை.

அன்றிலிருந்து விக்கைப் பயம் பிடித்துக்கொண்டது. சாவியைக் காணோமென்றால் பயம். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தொண்டையில் நின்றால் பயம். பெண்களிடம் போனில் பேச்சைச் சுருக்கிக்கொண்டார், எங்காவது உளறிவிடுவோமோ என்று. மருத்துவரிடம் போகவில்லை, போனால் சொல்லிவிடுவார்களே. ஹாலினனும் டோலிவரும் ஆடிய ஆட்டமெல்லாம் ஞாபகத்தில் இருக்கிறவரை மூளை சரியாக இருக்கிறது என்று தானே ஒரு கணக்குப் போட்டு மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை. முட்டையும் வறுத்த உருளைக்கிழங்கும் வந்திருந்தன.

"பனி கொட்டின ஆட்டத்துல டோலிவர் கடைசியா ஒண்ணு வீசினானே," என்றார் விக். "ரெண்டு பேர் மேல தொங்கறானுங்க, இவன் அசையாம நின்னு வீசறான்."

"ஆமா," என்றார் ஆர்வில். "நல்ல வீச்சு."

வண்டியோட்டிக்கொண்டு வீடு திரும்பும்போது, பாலத்தின் நடுவில்தான் விக்குக்கு உறைத்தது. பனியில் வீசியது ஹாலினன். அசையாமல் நின்ற டோலிவரை உலகத்தில் யாரும் பார்த்ததில்லை. தன் ஆளின் ஆகப்பெரிய வீச்சைத் தூக்கி எதிராளிக்குக் கொடுத்திருக்கிறார். அதுகூடப் போகட்டும். ஆர்வில் அதைப் பிடித்துக்கொண்டு வருடம் முழுக்கக் கேலி செய்திருக்க வேண்டாமா? ஆமா என்றல்லவா சொன்னார். பாலம் தாண்டியதும் விக் வண்டியை ஓரங்கட்டி, பனி ஆட்டத்தை முதலிலிருந்து ஒவ்வொரு வீச்சாகச் சொல்லிப் பார்த்தார்.

ஒருவேளை ஆர்வில் கவனித்திருக்க மாட்டார். கிழவனுக்குக் காது மந்தம். அவன் காது போனதற்கு நம் மூளையை ஏன் சந்தேகப்பட வேண்டும்? சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று விக் முடிவுசெய்தார். வேண்டுமென்றே ஒரு பொய் சொல்ல வேண்டும், செவிடனும் அடிக்க எழும் பொய். கத்தினான் என்றால் பிழைத்தோம்.

திங்கட்கிழமை டீனா வழக்கமான கேலி எதுவும் இல்லாமல் தட்டை வைத்தாள். "சூடா சாப்பிடு கண்ணு," என்று விக்கின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். தோளைத் தொடுகிற வழக்கம் அவளுக்கு இல்லை.

விக் முள்கரண்டியை வைத்தார். "ஹாலினன் இடது கையால வீசினதாலதான் அவன யாராலயும் கணிக்க முடியல."

மேசைக்கு நேர் மேலே சுவரில் ஹாலினன் படம் தொங்கியது. பந்து வலது கையில் இருந்தது. ஆர்வில் படத்தைப் பார்த்தார், பிறகு காப்பியைப் பார்த்தார்.

"ஆமா. இடது கைக்காரனக் கணிக்கிறது கஷ்டம்தான்."

விக் விரலை நீட்டிப் படத்தைக் காட்டினார். "டேய், படம் தலைக்கு மேல தொங்குது. வலது கைடா. நீ என்ன சொல்றேன்னு பாக்க வேணும்னேதான் சொன்னேன். பனி ஆட்டத்தப் பத்தித் தப்பாச் சொன்னப்பவும் ஆமான்னியே, கவனிச்சிட்டுத்தான சொன்ன?"

"கவனிச்சேன்."

"அப்புறம் ஏன்டா கத்தல? இன்னிக்காவது கத்தியிருக்கலாம்ல?"

ஆர்வில் தட்டை ஒதுக்கிவைத்தார். "கத்தினேன் விக்."

"எப்ப?"

"மொதத் தடவ இடது கைன்னப்ப கத்தினேன். பொழச்சேன்டான்னு சந்தோஷமா வீட்டுக்குப் போன. போன வாரம் வந்து மறுபடியும் அதையே சொன்ன. போன தடவையே சொன்னியேடான்னேன். இதே மேசையில தலையக் கவுத்துக்கிட்டு அழுத. டீனாதான் வந்து தட்டிக் குடுத்தா. இது மூணாவது தடவ."

விக் டீனாவைத் தேடினார். அவள் கல்லாவுக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். நினைவில் எவ்வளவு துழாவியும் அவருக்கு அந்த அழுகை கிடைக்கவில்லை.

"பயமா இருக்குடா," என்றார்.

"தெரியும். நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம். நான் வண்டியோட்டறேன்."

"எப்ப முடிவு பண்ணோம்?"

"போன வாரம்."

விக் காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு வாசல்ல நின்னு, எந்த டாக்டர், எதுக்கு வரணும்னு கேட்டேன்னா, இன்னிக்கு மாதிரி ஆமா போட்டுட்டுத் திரும்பிப் போயிடாத. கத்து," என்றார்.

"கத்தறேன்," என்றார் ஆர்வில்.