ஒன்றரைச் சுற்று

அந்த ரிமோட் விமானத்தின் இடது இறக்கை என் வீட்டுக்கு வந்தபோது மூன்று துண்டாக இருந்தது. கொண்டுவந்து கொடுத்தவர் நண்பரின் மனைவி. அரிசிப் பையில் சுற்றி, ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் நிறுத்தி, வானகரத்திலிருந்து பருத்திப்பட்டு வரைக்கும் ஓட்டி வந்திருந்தார். நண்பர் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"இத்த மட்டும் சரி பண்ணிக் குடுங்க தம்பி. ஒடஞ்சிகினு ஊட்டுல கீறது ஒரு மாதிரியா கீது," என்றார்.

நண்பர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பாரிவாக்கத்தில் பிறந்தவர். குடும்பத்து நிலம் மனைகளாகப் போன பிறகு வானகரத்தில் நம்பர் பிளேட், ஸ்டிக்கர் கடை வைத்திருந்தார். நான் திண்டுக்கல்லிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து இங்கே ஃபிளாட்டில் குடியிருப்பவன். வண்டிக்கு நம்பர் எழுதப் போனபோது கடைக் கூரையில் தொங்கிய விமானத்தைப் பார்த்து, "பறக்குமாண்ணே?" என்று கேட்டேன். "ஞாயித்துக்கெழம வந்து பாரு நைனா," என்றார். அதிலிருந்து மூன்று வருடம், மழை இல்லாத ஞாயிறெல்லாம் போனேன். பாரிவாக்கத்துக்குப் பின்னால், கல் நட்டு இன்னும் வீடு கட்டாத மனைகளுக்கு நடுவில் ஓடிய மண் சாலைதான் எங்கள் ஓடுதளம்.

அந்தக் கடைசி ஞாயிறு காலை ஏழரை இருக்கும். விமானம் மேலே நிதானமாக வட்டமடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று ரிமோட்டை என்னிடம் நீட்டி, "பாத்துக்கோ நைனா," என்றார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். பறக்கும் விமானத்தை வாங்கிக்கொண்டவன் அதிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. ஒரு கணம் தவறினால் அது வருகிறதா போகிறதா என்பதே தெரியாது. பின்னால் ஒரு சத்தம் கேட்டது, யாரோ மூட்டையை இறக்கி வைப்பது போல. எனக்கு அது கேட்டது. விமானத்தை இறக்கிவிட்டுத் திரும்பலாம் என்றிருந்தேன். "அண்ணே," என்றேன். பதில் இல்லை. அப்போதும் இன்னொரு திருப்பம் திருப்பினேன். அதற்குப் பிறகுதான் பார்த்தேன். ஒருக்களித்து, கன்னம் மண்ணில் பட, விழுந்து கிடந்தார்.

ரிமோட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். விமானம் எங்கே போய் மோதியது என்று பார்க்கவில்லை. மாடு மேய்க்க வந்தவர் யாரோ பொறுக்கி எடுத்து மறுநாள் கடையில் கொடுத்தாராம். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் மனைவி கேட்டபோது, "விழுந்த ஒடனே திரும்பிட்டேன் அண்ணி," என்று சொன்னேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயிலிருந்து தானாக வந்தது.

பாத்துக்கோ என்றாரே, எதை? விமானத்தையா, தன்னையா? குளிக்கும்போது, பைபாஸில் சிக்னலுக்கு நிற்கும்போது, மீட்டிங்கில் யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது அந்தக் கேள்வி வந்து நிற்கும். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால், விமான மோட்டார் என்று என் தலை தானாக மேலே நிமிரும்.

இறக்கையைச் சனிக்கிழமை மதியங்களில் பால்கனியில் உட்கார்ந்து சரி செய்தேன். மேலே ஒட்டியிருந்த ஆரஞ்சு நிற ஃபிலிமைப் பிளேடால் கிழித்ததும் உள்ளேயிருந்து மண் கொட்டியது. கூடவே காய்ந்த புல். உள்ளே விலா எலும்பு போல வரிசையாக நிற்கும் பால்சா பட்டைகளில் நான்கு நொறுங்கியிருந்தன. நகம் பட்டாலே பள்ளம் விழும் மரம் அது. ஒவ்வொரு பட்டையிலும் அவர் பென்சிலால் எண் போட்டிருந்தார். ஓரிடத்தில், காய்ந்த பசையில் அவருடைய விரல் ரேகை தெளிவாகப் பதிந்திருந்தது. அதைத் தேய்க்காமல் விட்டேன்.

வலது இறக்கையை அண்ணியிடமிருந்து வாங்கி வந்து அதன் பட்டைகளைப் பார்த்துப் புதிதாக நான்கு வெட்டினேன். இறக்கை நெடுக ஓடும் முதுகுக் குச்சி முறிந்திருந்தது. முனைகளைச் சாய்வாகச் சீவி ஒட்டி, இரண்டு பக்கமும் ப்ளைவுட் துண்டு வைத்துக் கட்டினேன். சாய்வு சரியாக அமையாதபோது, யாரோ என் தோளுக்குப் பின்னால் மூச்சை இழுத்துக்கொள்வது போல இருக்கும். சட்டென்று திரும்பிப் பார்ப்பேன். இப்போது மட்டும் உடனே திரும்ப முடிகிறதே என்று தோன்றும். பிளேடைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவேன். இரண்டு மதியத்தில் முடிய வேண்டிய வேலை ஆறு வாரம் இழுத்தது.

முடிந்ததும், இப்போது அண்ணி நடத்தும் கடைக்குக் கொண்டுபோனேன். அண்ணி இறக்கையைக் கையில் வாங்கி, ஒட்டு தெரிகிறதா என்று தடவிப் பார்த்தார். அங்கேயே நின்றபடி சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு நான் ஒடனே திரும்பலை அண்ணி. சத்தம் கேட்டுச்சு. கேட்டும் பிளேனத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"எம்மாம் நேரம்?"

"ஒன்றரைச் சுத்து இருக்கும்."

அவர் இறக்கையை மேசைமேல் வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். ஒரு ஆள் வந்து பைக் ஸ்டிக்கர் கேட்டான். அப்புறம் வரச் சொல்லி அனுப்பினார். பிறகு மெதுவாக, "அந்த ஒன்றரைச் சுத்த அவரு பாத்தாரா தம்பி?" என்று கேட்டார்.

"தெரியலை அண்ணி. நான் மேல பாத்துக்கிட்டிருந்தேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்டிக்கர் சுருள்களை அடுக்கினார். வெகுநேரம் அடுக்கினார். "வர்ற ஞாயித்துக்கெழம இட்டுகினு போங்க. நான் பாக்கணும்," என்றார்.

போனோம். கல் நட்ட மனைகளில் இரண்டு வீடுகள் எழும்பியிருந்தன. அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். விமானம் ஓடி எழும்பியது. இடது இறக்கையில் பசையின் எடை கூடியிருந்ததால் அந்தப் பக்கமே சாய்ந்தது, பிடித்து நிறுத்தினேன். ஆனால் என்னால் மேலே பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இரண்டு விநாடிக்கு ஒருமுறை கழுத்து பின்னால் திரும்பியது. ஒரு தடவை விமானம் வேப்பமரத்தை உரசுவது போலத் தாழ்ந்து போனது.

"நான் இங்கதான் குந்திகினு கீறேன் தம்பி," என்றார் பின்னாலிருந்து. "நீங்க மேல பாருங்க."

அவர் பேசிக்கொண்டே இருந்தார். கரண்ட் பில்லைப் பற்றி, கடைக்கு வைக்கப்போகும் புது போர்டைப் பற்றி. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு இரண்டு சுற்று சுற்றி இறக்கினேன். குரல் நின்றதும் திரும்பிப் பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது. அண்ணி அதற்குள் என்னைக் கடந்து, மண் சாலையில் கிடந்த விமானத்தை நோக்கி நடந்து போய்க்கொண்டிருந்தார்.